தேசிங்கு ராஜாவும் அப்பா வைத்த அரியரும்

கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் வருகிறது. எழுதிவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாம் ஒரு இந்திப் படத்தில் ஆரம்பித்தது. ‘சாவா’. (தமிழில் படித்தால் ஏதோ சாவு வீட்டுப் படம் மாதிரி தெரியும். மராத்தியில் சிங்கக்குட்டி என்று அர்த்தம்.) 2025 பிப்ரவரியில் வந்த படம். லக்ஷ்மண் உதேகர் டைரக்‌ஷன், விக்கி கௌஷல் ஹீரோ, நம்ம ரஹ்மான் மியூசிக். சிவாஜி சாவந்த் மராத்தியில் எழுதிய நாவலில் இருந்து எடுத்தது. தியேட்டரில் விட்டுவிட்டோம். ஒரு லீவு நாளில் நண்பன் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து, சப்டைட்டில் போட்டுப் பார்த்தோம்.

படம் எப்படி என்றால்... முதல் பாதி சண்டை, சண்டை, இன்னும் கொஞ்சம் சண்டை. விக்கி கௌஷல் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். ஔரங்கசீப்பாக வரும் அக்‌ஷய் கன்னா அதிகம் பேசாமலே பயமுறுத்துகிறார். ராஷ்மிகா வருகிறார், கவலைப்படுகிறார், போகிறார். கடைசியில் சம்பாஜியைப் பிடித்து வைத்துச் சித்திரவதை செய்யும் காட்சிகள் இருக்கிறதே, அதைப் பாதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பார்த்தேன். படம் முடிந்ததும் ரூமில் ஒருத்தனும் பேசவில்லை.

அந்த நாலு பேரில் ஒருத்தன் முஸ்லிம். மூன்று வருஷமாக ஒரே பெஞ்ச். படம் முடிந்த பிறகு வந்த அந்த அமைதி அவனுக்கும் எங்களுக்கும் ஒரே அமைதி இல்லை என்று எனக்குத் தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடைசியில் அவனே வாயைத் திறந்தான். “டேய், இவர் செத்த அப்புறம் இவரோட தம்பி உங்க ஊருக்குத்தானே ஓடி வந்தாரு? கோட்டைல போர்டு போட்டிருக்குமே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமாம். இந்தப் படம் எங்கே முடிகிறதோ, அதற்கு அடுத்த சீன் செஞ்சியில்தான். நான் தினமும் பஸ்ஸில் இருந்து பார்க்கிற மலையில்.

படம் முடிந்த பிறகு நடந்த கதை

சம்பாஜி கொல்லப்பட்டது 1689 மார்ச் மாதம். அவர் தம்பி ராஜாராமுக்கு அப்போது 19 வயது. நம்ம காலேஜில் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பையன் வயசு. அண்ணன் போய்விட்டார், மொகலாயப் படை ராய்கட் கோட்டையைச் சுற்றி நிற்கிறது. அண்ணி யேசுபாய் (படத்தில் ராஷ்மிகா) கோட்டையில் இருக்க, ராஜாராம் தப்பித்து வெளியேறுகிறார். அந்த வருஷக் கடைசியில் ராய்கட் விழுந்தது. யேசுபாயும் குட்டிப் பையன் ஷாஹுவும் மொகலாயர் கையில் சிக்கினார்கள்.

ராஜாராம் ஓடி வந்த வழியைத் தனிப் படமாகவே எடுக்கலாம். லிங்காயத்து யாத்திரிகர்கள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு சின்னக் கூட்டம். கெளதி ராணி சென்னம்மா வழியில் அடைக்கலம் கொடுத்தார். பெங்களூரில் மாட்டிக்கொள்ளத் தெரிந்தார்களாம். ஏழை யாத்திரிகர் கூட்டத்தில் ஒருத்தருக்கு மட்டும் மற்றவர்கள் காலைக் கழுவி விடுவதைப் பார்த்து யாரோ சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. (இப்படித்தான் வி.ஐ.பி.க்கள் மாட்டுகிறார்கள்.) எப்படியோ வேலூர் வழியாக 1689 நவம்பரில் செஞ்சி வந்து சேர்ந்தார்.

ஏன் செஞ்சி? 1677-ல் சிவாஜியே பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடம் இருந்து இந்தக் கோட்டையைப் பிடித்து, மதில்களைப் பலப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து முக்கோணமாகக் கட்டிய மதில். ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும், கடைசியில் ஒரு பிளவைத் தாண்டி ஒரு சின்னப் பாலம் வரும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் அப்புறம் மேலே போக வழியே கிடையாது. எங்கோ மகாராஷ்டிரத்தில் வீடு பற்றி எரிந்தால் ஓடி ஒளிய ஒரு இடம் வேண்டும் என்று சிவாஜி யோசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் கழித்து அது உதவியது. செஞ்சி மராத்தியரின் தலைநகரம் ஆனது.

அப்புறம் முற்றுகை. 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் வந்தார். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. ஏழு வருஷத்துக்கு மேல்! நான் ஆறாம் வகுப்பில் இருந்து காலேஜ் வரைக்கும் வந்த காலம் முழுக்க ஒரே முற்றுகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஒரு பக்கம் இவர்கள், இன்னொரு பக்கம் அவர்கள்” என்று படம் பார்த்துவிட்டு வரும் ஆட்களுக்கு இந்த ஏழு வருஷம் பெரிய தலைவலி. ஏனென்றால் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாது. சில உதாரணம் மட்டும்:

ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்‌ஷ் முற்றுகைக்குத் துணையாக 1691 கடைசியில் அனுப்பப்பட்டார். வந்தவர் கோட்டைக்குள் இருந்த ராஜாராமோடு ரகசியமாகத் தூது பேச ஆரம்பித்துவிட்டார். அப்பா செத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு. விஷயம் தெரிந்து மொகலாயத் தளபதிகளே சொந்த இளவரசரைக் கைது செய்தார்கள்.

மொகலாயப் படையில் கோட்டையைத் தாக்கிய முக்கியமான ஆட்களில் ஒருவர் தல்பத் ராவ் என்ற புந்தேலா ராஜபுத்திரர். அவரிடம் வேலை பார்த்த பீம்சேன் என்பவர் இந்த முற்றுகையைப் பாரசீக மொழியில் எழுதி வைத்திருக்கிறார். மொகலாயப் படையில் இருந்துகொண்டு, நேரில் பார்த்து எழுதிய ஒரு இந்து.

ஜுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், ராஜாராமோடு உள்ளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்னாடியே வெளியே போய்விட்டார்.

நடுவில் 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராத்தியத் தளபதிகள் வந்து விளாசியதில், மொகலாயப் படையே சோற்றுக்குத் திண்டாடி, அடுத்த மாதம் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

ஒரு காமர்ஸ் விஷயமும் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ராஜாவுக்குப் பணம் வேண்டும். 1690-ல் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். வாங்கிய பிறகு எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கோட்டையில் இருந்து பீரங்கி சுட வேண்டியது. குண்டு எது வரைக்கும் போய் விழுகிறதோ அது வரைக்கும் இருக்கிற ஊர் எல்லாம் கம்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். ரியல் எஸ்டேட்டில் இப்படி ஒரு சர்வே எங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. செஞ்சியில் இருந்த ராஜாவின் பணமுடைக்கு வெள்ளைக்காரன் இந்தக் கரையில் இன்னொரு கால் ஊன்றினான்.

சரி, தேசிங்கு எங்கே?

வருகிறேன். இதுதான் என்னைத் தூங்கவிடாத மேட்டர்.

செஞ்சியில் பிறந்த யாரைக் கேட்டாலும் ராஜாராம் பற்றி ஒரு வரி சொல்வார்களா என்பது சந்தேகம். கோட்டையைக் கட்டிய கோனார்கள், நாயக்கர்கள் பற்றியும் அதே கதைதான். ஆனால் தேசிங்கு ராஜா? சின்னப் பிள்ளைகூட சொல்லும். தாத்தாவிடம் ‘பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை’ ஒன்று இருந்தது. அட்டை கிடையாது, முதல் சில பக்கம் கிடையாது. அதை ராகம் போட்டுத்தான் படிப்பார். டில்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை தேசிங்கு அடக்கும் இடம் வந்தால் தாத்தாவின் முழங்கால் தானாக ஆட ஆரம்பிக்கும்.

சாவா பார்த்த மறுநாள் நான் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ பார்த்தேன். 1960-ல் வந்தது. டி.ஆர். ரகுநாத் இயக்கம், லேனா செட்டியார் தயாரிப்பு, ஜி. ராமநாதன் இசை. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம்: ஒருவர் தேசிங்கு, இன்னொருவர் தாவூத் கான். ஆமாம், ஒரு எம்.ஜி.ஆர். இந்து, இன்னொரு எம்.ஜி.ஆர். முஸ்லிம். பானுமதி ராணி, எஸ்.எஸ்.ஆர்., பத்மினி எல்லாம் உண்டு. படம் என்னவோ மெதுவாகத்தான் போகிறது, வாள் சண்டை மட்டும் சூப்பர். முடிவைச் சொல்ல மாட்டேன். (65 வருஷப் படத்துக்கு என்னடா ஸ்பாய்லர் என்று கேட்காதீர்கள், கொள்கை என்றால் கொள்கை.)

படத்தில் தாவூத் கான் வருவது கற்பனை. ஆனால் தேசிங்குக்கு முஸ்லிம் நண்பன் இருந்தது கற்பனை இல்லை. அதற்கு நான் லைப்ரரிக்குப் போக வேண்டியிருந்தது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-ல் செஞ்சியின் வரலாற்றை ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகமாக எழுதியிருக்கிறார். நாலு நாள் ஆனது. பாதி அடிக்குறிப்பு. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. தேசிங்குக்கு நிஜப் பெயர் தேஜ் சிங். அவர் அப்பா சொரூப் சிங். புந்தேலா ராஜபுத்திரர். இன்றைக்கு உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம் இரண்டிலும் பரவிக் கிடக்கிற புந்தேல்கண்டுக்காரர்கள். செஞ்சி மொகலாயர் கைக்கு வந்த பிறகு, 1700 வாக்கில், இந்தக் கோட்டைக்குத் தலைவராக சொரூப் சிங்கை நியமித்தது யார்?

ஔரங்கசீப்.

புரிகிறதா? சாவா படத்தில் எந்த ஆளைப் பார்த்து நாங்கள் பல்லைக் கடித்தோமோ, அந்த ஆள் போட்ட ஆர்டரில்தான் எங்கள் ஊர் ஹீரோவின் குடும்பமே செஞ்சிக்கு வந்தது. சம்பாஜியின் தம்பியைத் துரத்தி, கோட்டையைப் பிடித்து, அதைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆளின் மகன்தான் நம்ம தேசிங்கு. அந்த வில்லன் இல்லை என்றால் இந்த ஹீரோ இல்லை. தாத்தா இருந்திருந்தால் இதைச் சொன்னதற்கு என்னை அடித்திருப்பார்.

அரியர்

இனிமேல் வருவது முழுக்க காமர்ஸ்.

ஔரங்கசீப் 1707-ல் இறந்தார். டில்லியில் நாற்காலிச் சண்டை. ஆற்காட்டில் 1710-ல் இருந்து நவாப் சாதத்துல்லா கான். செஞ்சியில் சொரூப் சிங். செஞ்சிச் சீமையின் வருமானத்தில் இருந்து ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு. சொரூப் சிங் கட்டவில்லை. ஒரு வருஷம் இல்லை, வருஷக்கணக்கில். டில்லியே ஆடிக்கொண்டிருக்கிறது, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். நம்ம பாஷையில், அரியர் வைத்தார். நாமெல்லாம் ஒரு பேப்பர், இரண்டு பேப்பர் வைப்போம். அவர் ஒவ்வொரு செமஸ்டரும் வைத்துக்கொண்டே போனார்.

1714-ல் அவர் இறந்துபோனார். மகன் தேஜ் சிங் செய்தி கேட்டுப் புந்தேல்கண்டில் இருந்து வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். வயது 22 என்கிறார்கள். வந்தவுடன் மேஜையில் இரண்டு பிரச்சினை.

ஒன்று, லைசென்ஸ். அப்பாவுக்கு ஔரங்கசீப் கொடுத்த பர்மான் (அரசாணை) என் கையில் இருக்கிறது, அதனால் நான்தான் அடுத்து என்றார் தேசிங்கு. கொடுத்த பாதுஷா போய்விட்டார், இப்போது இருக்கிற பாதுஷாவிடம் புதுப்பிக்காமல் அது செல்லாது என்றது ஆற்காடு.

இரண்டு, பாக்கி. அப்பா வைத்த பாக்கி மொத்தத்தையும் கட்டு என்றது ஆற்காடு. முடியாது என்றார் தேசிங்கு.

பிசினஸ் லா வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. அப்பா வாங்கிய கடனுக்கு, அப்பாவிடம் இருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளை பொறுப்பு. இன்றைக்குச் சட்டம் அப்படி. 1714-ல் கோட்டையும் வேண்டும், அந்தஸ்தும் வேண்டும், பாக்கி மட்டும் வேண்டாம் என்றால் நவாப் ஒத்துக்கொள்வாரா? ஆனால் வந்து சில மாதமே ஆன பையன் இத்தனை வருஷப் பாக்கியை எங்கே இருந்து கட்டுவான்? ஒரு அக்கவுண்டன்ட் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தவணை போட்டுக் கொடுத்திருந்தால்... என்று நினைத்தேன். உண்மையில் நவாப் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பத்தான் செய்தார். தோடர்மால் என்று பெயர். (அக்பர் காலத்து தோடர்மால் இல்லை, இவர் வேறு.) கதைப்பாட்டில் தோன்றமல்லன் என்று வருகிறாரே, அவர்தான். பேச்சு எடுபடவில்லை. படை கிளம்பியது.

தேசிங்கிடம் சில நூறு குதிரை வீரர்கள். எதிரே ஆற்காட்டின் மொத்தப் படை. போகாதே என்று சொன்னவர்கள் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிங்கவரம் மலையில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, அதில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். போருக்குக் கிளம்பும் முன் தேசிங்கு அங்கே உத்தரவு கேட்கப் போனதாகவும், சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொல்வார்கள். இப்போதும் சிங்கவரம் போனால் அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிக் காட்டி அந்த முகத்தைக் காட்டுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்கிறது. சாமியே சொல்லியும் கேட்காமல் போனாரே என்று.

1714 அக்டோபர் 3. மழைக்காலம், சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். ஆற்றைக் கடக்க முடியாமல் வந்த கொஞ்சம் ஆட்களிலும் பாதி பின்தங்கிப் போனார்கள். தேவனூர், கடலி பக்கம் சண்டை. ஒரே நாள். தேசிங்கு இறந்தார். முழுசாக ஒரு வருஷம்கூட ஆளவில்லை.

அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று செத்தவர்களில் ஒருவர்தான் அந்த நண்பன். மகபத் கான். வழுதாவூரில் அவருக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சேதி வந்ததும் கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறி வந்துவிட்டார். கதைப்பாட்டில் அவர் குதிரைக்குப் பெயர் நீலவேணி. எதிரில் நின்ற நவாப் அவருடைய மதம்தான். பாக்கி அவருடைய பாக்கி இல்லை. லைசென்ஸ் அவருடையது இல்லை. நண்பன் கூப்பிட்டான், வந்தார். அவ்வளவுதான்.

தேசிங்கின் உடலைச் செஞ்சிக்குக் கொண்டு வந்து செட்டிகுளத்தின் கரையில் எரித்தார்கள். ராணி உடன்கட்டை ஏறினார். (இதைத் தியாகம், பெருமை என்று எழுத என் கை வரவில்லை. அவருக்கும் இருபது வயதுதான் இருந்திருக்கும். கணக்கு வழக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்.) அந்த ராணியின் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டை என்று ஒரு ஊருக்குப் பெயர் வைத்தார் என்று சொல்லப்படுகிறது. இன்றைக்கு அது ஒரு மாவட்டம். சில வருஷம் கழித்துச் செஞ்சிக் கோட்டைக்குள் சாதத்துல்லா கான் ஒரு மசூதி கட்டினார். அது இப்போதும் இருக்கிறது. கல்யாண மகால் பார்க்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள்

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

வரலாற்றுப் படம் என்றால் “உண்மையை மாற்றிவிட்டார்கள்” என்று எல்லோரும் சண்டை போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் எந்தக் கதையும் எதையாவது விட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது. நம்ம கதைப்பாட்டுக்காரர்களும் விட்டிருக்கிறார்கள். அப்பா ஔரங்கசீப்பின் ஆள் என்பது தாத்தா படித்துக் கேட்ட கதையில் என் காதில் ஏறவே இல்லை. இத்தனை வருஷம் பாக்கி என்பதும் பெரிதாக நிற்கவில்லை. தப்பு யார் பக்கம் என்று கணக்குப் பார்த்தால் நவாப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதுவும் போய்விட்டது.

ஆனால் கல்யாண மேடையை விட்டுவிட்டு வந்த முஸ்லிம் நண்பனை அவர்கள் விடவில்லை. அவன் குதிரையின் பெயரைக்கூட விடவில்லை. முன்னூறு வருஷமாகத் திண்ணையில், கூத்தில், பெரிய எழுத்துப் புத்தகத்தில் அந்த நண்பன் இருந்துகொண்டே இருக்கிறான். 1960-ல் சினிமாக்காரர்கள் கை வைத்தபோது ஒரு படி மேலே போய் எம்.ஜி.ஆரையே இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை முஸ்லிம் ஆக்கினார்கள். எங்கள் ஊர் மக்கள் எதிரி நவாபையும் மறக்கவில்லை, நண்பன் கானையும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே கதையில் இருப்பதால், “அவங்க எல்லாம் இப்படித்தான்” என்று கேட்பவன் மனசில் ஒரு முடிவு விழ இடமே இல்லாமல் போகிறது.

சாவா வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மத்தியப்பிரதேசத்தில் அசீர்கர் கோட்டைப் பக்கம் ஜனங்கள் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வயலைத் தோண்டினார்கள், படத்தில் வரும் மொகலாயத் தங்கம் கிடைக்கும் என்று. அதைச் செய்தியில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். 2025 மார்ச் 17-ல் நாக்பூரில் ஔரங்கசீப்பின் சமாதியை அகற்ற வேண்டும் என்ற போராட்டத்தைத் தொடர்ந்து கலவரம் வெடித்து, ஊரடங்கு போட்டார்கள். அதற்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படத்தால்தான் எல்லாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சம்பாஜிக்கு நடந்த கொடுமை நிஜம், அதைக் காட்டியது தப்பில்லை. அங்கே கதையை நிறுத்தியதால், அடுத்த சீனில் ஔரங்கசீப்பின் மகனே ராஜாராமோடு பேசப் போவதையோ, புந்தேலாக்கள் ஔரங்கசீப்புக்காக மதிலில் ஏறியதையோ பார்ப்பவர்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபத்தை யார் மேல் திருப்புவது என்று கொஞ்சம் குழம்பியிருப்பார்கள். அந்தக் குழப்பம் நல்லது என்று நினைக்கிறேன்.

2025 ஜூலை 11-ல் யுனெஸ்கோ ‘மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. ஊரில் சந்தோஷம்தான், எனக்கும்தான். (அதே ஜூலையில் விமல் நடித்த ‘தேசிங்கு ராஜா 2’ வந்தது. அதற்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் ஏமாற வேண்டாம்.) ஆனால் மராத்தியர் இங்கே இருந்தது 1677-ல் இருந்து 1698 வரை, 21 வருஷம். கோனார், நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், மொகலாயர், புந்தேலா, நவாப், 1750-ல் பிரெஞ்சு, 1761-ல் ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் கை மாறிய கோட்டைக்கு ஒரே ஒரு பெயர்ப்பலகை போதுமா என்று டீக்கடையில் பேச்சு வந்தது. இதுவும் ஒரு கட்டிங்தான், சினிமா எடிட்டிங் மாதிரி. அவர்கள் எடுத்தது மராத்தியப் படம். அதில் எங்கள் ஊருக்கு ஒரு ரோல் கிடைத்திருக்கிறது. மற்ற ரோலையெல்லாம் நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீலாம்பூண்டி

புத்தகத்தை முடித்த ஞாயிற்றுக்கிழமை, என் பெஞ்ச் நண்பனை பைக்கில் ஏற்றிக்கொண்டு நீலாம்பூண்டி போனேன். மகபத் கானையும் குதிரையையும் அடக்கம் செய்த இடம் என்று அங்கே காட்டுகிறார்கள். வழியெல்லாம் நெல், கரும்பு, நடுநடுவே கொட்டி வைத்த மாதிரி பாறைக் குன்றுகள். அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அரியர் கதை முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான்.

“அப்ப நிஜமாவே காசுப் பிரச்சினைதானா?” என்றான்.

“ஆமாண்டா.”

“அதுக்குப் போயி கல்யாணத்த விட்டுட்டு வந்தாரா அந்த ஆளு?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நான்லாம் வரமாட்டேன் மச்சான். உன் அரியர நீதான் கிளியர் பண்ணிக்கணும்” என்றான்.

அங்கே போனதும் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை ஏந்தி ஏதோ ஓதினான். நான் பக்கத்தில் சும்மா நின்றேன். திரும்பும்போது சிங்கவரத்துக்கும் போகலாமா என்று கேட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்ட சாமி எந்த மலையில் இருக்கிறது என்று அவனுக்குப் பார்க்க வேண்டுமாம். நேரம் ஆகிவிட்டது, நடை சாத்தியிருப்பார்கள். இன்னொரு ஞாயிறு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

செஞ்சி வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ராஜகிரி ஏறி செல்ஃபி எடுத்ததோடு கிளம்பிவிடாதீர்கள். செட்டிகுளம் கரையில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். நேரம் இருந்தால் நீலாம்பூண்டிக்கும் ஒரு எட்டு போய் வாருங்கள். வழி கேட்டால் சொல்வார்கள்.

சரி, எனக்கு நாளைக்கு இன்டர்னல். காஸ்ட் அக்கவுண்டிங். அரியர் வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். :-)